சிவப்பு ஆரோ

டப்பாவைத் திறந்து கொடுத்துவிடக் கூடாது. இன்றைக்கு எனக்கு இருப்பது அந்த ஒரு வேலைதான். பத்தே காலுக்கு ஹசீனா மிஸ் என்னை இந்த நீலப் பாயில் உட்காரவைத்து, மடியில் டப்பாவையும் வைத்து, "சாந்தாமணிக்கா, நீங்க ஒன்னும் பண்ண வேண்டாம், சும்மா இருந்தாப் போதும்" என்று சொல்லிவிட்டு நோட்டோடு மூலைக்குப் போய்விட்டார். சும்மா இருப்பதாம். பதினோரு வருஷமாகத் திருப்பூர் பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கிறவளிடம் சொல்லக்கூடிய பேச்சா இது? ஒரு பீஸ் கைக்கு வந்தால் கழுத்து, தோள், கை, பக்கத் தையல், கீழ் மடிப்பு என்று ஒரு சுற்றுச் சுற்றி, உள்ளே வெளியே புரட்டி, நாற்பது நொடிக்குள் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ தூக்கிப் போட்டாக வேண்டும். என் கைக்குச் சும்மா இருக்கத் தெரியாது. டப்பா பளிச்சென்று உள்ளே இருப்பதெல்லாம் தெரிகிற டப்பா. உள்ளே இருப்பது கனிஷ்காவின் உயிர், மஞ்சள் குழல் அப்பளம், விரலுக்கு ஒன்றாக மாட்டிக்கொண்டு வரிசையாகக் கடித்துத் தின்பாளே, அது. மூடி மட்டும் எமகாதக மூடி. பெரியவர்களே பல்லைக் கடித்துக்கொண்டுதான் திறக்க வேண்டும். இதற்காகவே கடையில் ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து பார்த்து வாங்கினேன் என்று ஹசீனா மிஸ் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. கடைக்காரன் என்ன நினைத்திருப்பான். கண்ணுக்குத் தெரிய வேண்டும், பிஞ்சுக் கையால் திறக்க முடியக் கூடாது, அப்போதுதான் நடுவில் ஒரு ஆள் தேவைப்படும், அதுதான் இதில் இருக்கிற சூட்சுமம். அந்த ஆள் நான். என் மூன்றரை வயசு மகள் என் பக்கம் திரும்பி, எப்படியாவது, அம்மா இதைத் திற என்று எனக்குத் தெரிவிக்க வேண்டும். வாயால் சொல்ல வேண்டாம், அதெல்லாம் பிறகு. தெரிவித்தால் போதும். அதுவரை நான் திறக்கக் கூடாது.

கனி என் பக்கமே இல்லை. எதிர்ச் சுவர் ஓரம் நிற்கிறாள். ஜன்னலோரத்து ஸ்டாண்ட் ஃபேனுக்குள் புகுந்து வெயில் வெட்டுப்பட்டு வெட்டுப்பட்டுச் சுவரில் விழுகிறது. தலையைச் சாய்த்து, கடைக்கண்ணால், அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஆறு மாதம் முன்பு என்றால் ஓடிப் போய்த் திருப்பியிருப்பேன், கண்ணு இங்க பாரு, அம்மாவைப் பாரு, என்று. இன்றைக்கு வேறு வேலை இல்லாததால் நானும் பார்க்கிறேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை, வெறும் சுவர், வெறும் வெயில். பிறகு மெல்லத் தெரிகிறது. அந்த வெட்டு வெயிலில் தூசி சும்மா மிதக்கவில்லை. நின்று, நகர்ந்து, நின்று, நகர்ந்து, ஒவ்வொன்றும் படியேறுகிற மாதிரி மேலே போகிறது. அடேயப்பா. இந்த அறைக்கு மூன்று மாதமாக வருகிறேன், இந்தக் கண்ணால்தான் நாளைக்கு ஐந்நூறு பீஸ் பார்க்கிறேன், ஒரு தையல் தாண்டியிருந்தால் கண்டுபிடித்துவிடுவேன் என்று சூப்பர்வைசரே பெருமையாகச் சொல்வார். இது எனக்குத் தெரியாமல் போயிற்றே. இவள் வந்த முதல் நாளே பார்த்திருப்பாள். பெரிய செக்கர் என் வயிற்றில்தான் பிறந்திருக்கிறது போலிருக்கிறது. நான் தப்பைத் தேடுகிறவள், இவள் தப்பைத் தேடவில்லை, என்ன இருக்கிறதோ அதைப் பார்க்கிறாள். எவ்வளவு நேரம். நான் ஒரு பொருளை இத்தனை நேரம் பார்த்ததாக ஞாபகமே இல்லை, கல்யாணத்தன்று வெள்ளியங்கிரி முகத்தைக்கூட.

எனக்கு ஒரு கர்வம் இருந்தது. கனி அழாத குழந்தை. பக்கத்து வீட்டு ரங்கநாயகி அக்கா வாய்க்கு வாய் சொல்வார், உன்ற மவ இருக்கற எடமே தெரியறதில்ல சாந்தா, என்று. எப்படித் தெரியும்? நான் அழவிட்டால்தானே. உதடு காய்வதற்குள் தண்ணீர் கொடுத்துவிடுவேன். கண் அலமாரிப் பக்கம் போனால் அப்பளம் எடுத்துவிடுவேன், விசிறிப் பக்கம் போனால் சுவிட்ச் போட்டுவிடுவேன். அவளுக்கு என்ன வேண்டும் என்று அவளுக்கே தெரிவதற்கு முன்னால் எனக்குத் தெரிந்துவிடும். தாய் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று மனதுக்குள் ஒரு மெடல் குத்திக்கொண்டு திரிந்தேன். அங்கன்வாடி டீச்சர்தான் முதலில் சொன்னார், பேர் சொல்லிக் கூப்பிட்டாத் திரும்பறதில்லையே, காதைக் காட்டிப் பாருங்க, என்று. காதில் ஒரு குறையும் இல்லை. அடுத்த அறையில் அப்பளப் பொட்டலம் பிரிகிற சத்தத்துக்கு ஓடி வருகிற காது அது. பிறகு இந்த ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள், பெரிய டாக்டரம்மா ஒரு மணி நேரம் அவளோடு தரையில் உட்கார்ந்து விளையாடிப் பார்த்துவிட்டு ஆட்டிசம் என்றார். வெள்ளியங்கிரி சாயப்பட்டறையில் இருந்து அப்படியே வந்திருந்தார், கையெல்லாம் கருநீலம். அந்தக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "எப்பங்க சரியாகும்?" என்று கேட்டார். டாக்டரம்மா, "இது காய்ச்சல் மாதிரி வந்துட்டுப் போறதில்லைங்க. அவ உலகத்தைப் பாக்கற விதமே வேற. சீக்கிரம் கூட்டிட்டு வந்துட்டீங்க, அது பெரிய விஷயம்" என்றார். வாசலில் பெரிதாக எழுதியிருக்கிறது, ஆரம்ப நிலை இடையீட்டு மையம் என்று. இடையீடு என்றால் என்ன என்று எனக்கும் தெரியவில்லை, வெள்ளியங்கிரிக்கும் தெரியவில்லை. ஹசீனா மிஸ்தான் சொன்னார், "சின்ன வயசுல மூளை ஓடிட்டே இருக்கும்க்கா. நாமளும் இப்பவே கூட ஓடணும், அவ்ளோதான்" என்று. என்னைவிடப் பத்து வயசு சின்னவர், ஆனாலும் எனக்கு மிஸ்தான். ஒரு வாரம் எங்களைப் பார்த்துவிட்டு அதே மிஸ், "நீங்க ரொம்ப வேகம்க்கா. அவ கேக்கறதுக்கு எடமே விடறதில்லை நீங்க" என்றார். கம்பெனியில் வேகத்துக்குத்தான் கைதட்டுவார்கள். இங்கே அதுதான் குற்றம். அன்றைக்கு பஸ்ஸில் டிக்கெட் எடுக்கவே மறந்துவிட்டேன்.

அதாவது பரவாயில்லை. கை விஷயம்தான் என்னைத் தூக்கிப் போட்டு மிதித்தது. கனி என் கையைப் பிடிப்பாள். மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ப் பிரிட்ஜ் கதவில் வைப்பாள், குழாயில் வைப்பாள். ஊரில் எல்லாப் பிள்ளையும் அம்மாவைக் கூப்பிடுகிறது, என் பிள்ளை கையைப் பிடித்துக் கூட்டிப் போகிறது, எனக்கு அது போதும் என்றிருந்தேன். அதைத்தான் மிஸ்ஸிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் நோட்டை மூடி வைத்தார். பிறகு, "பாருங்கக்கா, உங்க முகத்தைப் பாத்தாளா? உங்க கையை மட்டும்தான் எடுத்துட்டுப் போறா. ஒரு கரண்டியை எடுக்கற மாதிரி" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, அந்தப் பெண்ணின் கண்ணே கலங்கிவிட்டது. ஆனால் கரண்டி. ஆஸ்பத்திரிக் குழாயடியில் முகத்தில் தண்ணீரை அடித்து அடித்துக் கழுவியும் அந்தச் சொல் போகவில்லை. கட்டில், கதவு, கரண்டி, நான். வீட்டில் இருக்கிற சாமான்களில் ஒன்றா நான்? இதை வெள்ளியங்கிரியிடம்கூட நான் சொல்லவில்லை. மிஸ் கையில் ஒரு தாள் இருக்கிறது, மூன்று மாதத்துக்கு ஒரு தாள். நடக்கிறாள், ஏறுகிறாள், அடுக்குகிறாள், எல்லாவற்றுக்கும் நேரே தேதி போட்டிருக்கிறது. நடுவில் ஒரு வரி, தனக்கு வேண்டியதை இன்னொருவருக்குத் தெரிவிக்கிறாள். அது மட்டும் வெறும் கட்டம். இன்றைக்கு அந்தத் தாளுக்குக் கடைசி நாள். கட்டம் காலியாக இருந்தால் ஒன்றும் ஆகிவிடாது, புதுத் தாள் போட்டு மறுபடி ஆரம்பிப்போம் என்று மிஸ் சொல்லியிருக்கிறார். அவருக்கு அது கட்டம். எனக்கு அது, நான் இருக்கிறேன் என்று அவளுக்குத் தெரியுமா என்கிற கேள்வி. உலகத்தில் வேறு எதையும் நான் இப்போது தெரிந்துகொள்ள ஆசைப்படவில்லை.

இந்த மூன்று மாதமாக ஊரில் எல்லார் கையையும் பார்த்துக்கொண்டு அலைகிறேன். பழைய பஸ் ஸ்டாண்டில் நின்றால் எத்தனை விரல். அவினாசி வண்டி எங்கே நிற்கும் என்று ஒருவர் கேட்கிறார், பூக்காரம்மா பூவைத் தொடுத்துக்கொண்டே மோவாயை மட்டும் நீட்டிக் காட்டுகிறார், அவரும் சரியாக அங்கே போய் நிற்கிறார். நேற்று ஒரு கைக்குழந்தை, பல்லே முளைக்காதது, தோளில் கிடந்தபடி தண்ணீர் லாரியை நோக்கி விரலை நீட்டிவிட்டு அம்மா முகத்தைப் பார்த்தது. லாரி, அம்மா, லாரி. அம்மாவும் திரும்பி, ஆமா லாரி, என்றாள், போனில் பேசிக்கொண்டே. நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். யார் இதற்குச் சொல்லிக்கொடுத்தது? விரலை நீட்டினால் விரலைப் பார்க்காமல் விரலுக்கு அப்பால் பார்க்க வேண்டும் என்று அந்த அம்மாவுக்கு யார் சொன்னது? எனக்குள் ஒன்று இருக்கிறது, உனக்குள் ஒன்று இருக்கிறது, நான் பார்ப்பது உனக்குத் தெரியாது, நான் காட்டினால் தெரியும், இத்தனை கணக்கும் அந்தப் பொக்கை வாய்க்குள் அடங்கியிருக்கிறது. எவ்வளவு பெரிய காரியம், ஒரு விரலை நீட்டுவது. கோவில் கோபுரத்தை அண்ணாந்து பார்த்தால்கூட எனக்கு இப்படி மேல் சிலிர்த்ததில்லை. எல்லாருக்கும் அது சும்மா வந்துவிடுகிறது, வந்ததே தெரியாமல் வந்துவிடுகிறது. அதனால் ஒருத்தருக்கும் அதன் அருமை தெரியவில்லை. கனி அந்த மலையில் வேறு பக்கமாக ஏற வேண்டியிருக்கிறது, படி இல்லாத பக்கமாக. ஏறிக்கொண்டிருக்கிறாளா, அடிவாரத்திலேயே உட்கார்ந்திருக்கிறாளா என்பதுகூட எனக்குத் தெரியவில்லை. ஒரு நாள் கதவு திறந்து கிடந்தபோது தனியாக இறங்கிப் போய்விட்டாள், பதறிப்போய்த் தேடினால் சந்து முனையில் கம்பெனி வேன் நிற்கிற புளியமரத்தடியில் நின்றுகொண்டிருக்கிறாள், நான் போய்த் தூக்கியபோதும் என் முகத்தைப் பார்க்கவில்லை. எங்கே போகக் கிளம்பினாய் என்று யாரைக் கேட்பது? அன்றைக்கே வெள்ளியங்கிரி கதவின் மேல்புறம் ஒரு தாழ்ப்பாள் வைத்துவிட்டார்.

வருகிறாள். டப்பாவைப் பார்த்துவிட்டாள். மிஸ் நோட்டில் இருந்து தலையைத் தூக்காமல் கண்ணை மட்டும் தூக்குகிறார். கனி டப்பாவை இரண்டு கையாலும் எடுத்து ஆட்டினாள், அப்பளம் உள்ளே கடகடவென்றது, அந்தச் சத்தத்துக்கு ஒரு தடவை கால் விரலில் எம்பிக் குதித்தாள். மூடியைப் பல்லால் கடித்தாள். தரையில் தட்டினாள். பிறகு, வந்துவிட்டது, என் மணிக்கட்டு. சில்லென்ற விரல்கள். இழுத்து என் கையை மூடிமேல் வைத்தாள். திறந்துவிடு, திறந்துவிடு என்று என் பத்து விரலும் துடிக்கிறது. "கையைத் தளர்த்தி வைங்கக்கா, முகத்துக்கு நேரா குனிங்க" என்கிறது மூலையில் இருந்து மிஸ்ஸின் மெதுவான குரல். தளர்த்தினேன். கை தொப்பென்று விழுந்தது. கனி மறுபடி எடுத்து வைத்தாள், மறுபடி விழுந்தது. கரண்டி உடைந்துவிட்டது கண்ணு. குனிந்து அவள் முகத்துக்கு நேரே என் முகத்தைக் கொண்டுபோனேன், இங்கே பார், இங்கேதான் இருக்கிறேன், இந்தக் கைக்குப் பின்னால் ஒருத்தி இருக்கிறாள், அவள் பேர் அம்மா. கனியின் பார்வை என் காதோரமாக வழுக்கிக்கொண்டு போய்விட்டது. உதடு கோணிற்று. அழுகை வந்தது, பெரிய அழுகை. இந்த அழுகையைத்தான் நான் மூன்றரை வருஷமாக வரவிடாமல் பார்த்துக்கொண்டேன். மனசுக்குள் பீஸ் எண்ண ஆரம்பித்தேன், ஒன்று, இரண்டு, கழுத்து, தோள், கை. பதினாலாவது பீஸில் அழுகை நின்றது. அவள் பாயில் குப்புறப் படுத்துக்கொண்டாள். பத்து ஐம்பது. இன்னும் பத்து நிமிஷம். நான் ராட்சசி. சாந்தாமணி என்று பேர் வைத்த என் அப்பாவைச் சொல்ல வேண்டும்.

படுத்தவள் எழுந்திருக்கவில்லை, ஊர்ந்து என் காலடிக்கு வந்திருக்கிறாள். என் புடவைக் கரையில் என்னமோ நோண்டுகிறாள். எனக்குத் திக்கென்றது. ஆரோ. கம்பெனியில் பீஸில் ஓட்டையோ கறையோ தையல் தாண்டலோ இருந்தால் அந்த இடத்தைப் பார்த்து ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டி ஒதுக்கிப் போடுவோம், நகம் அளவுதான் இருக்கும், ஆரோ என்போம். நாள் முழுக்க அதிலேயே புழங்குவதால் சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது முழங்கையில், முந்தானையில், முடியில்கூட நாலைந்து ஒட்டிக்கொண்டு வரும். கனி வந்து என்னை ஒரு சுற்றுச் சுற்றி எல்லாவற்றையும் உரித்து எடுத்துக்கொள்வாள். சுவரிலும் கதவிலும் ஒட்டுவாள். நான் பின்னாலேயே போய்த் தேங்காய் எண்ணெய் தொட்டு நகத்தால் சுரண்டி எடுப்பேன், வாடகை வீடு, பெயின்ட் பெயர்ந்தால் வீட்டுக்காரம்மா ஆடித் தீர்த்துவிடுவார். ஆறேழு மாதமாக நடக்கிறது இது. அவள் ஒட்ட, நான் சுரண்ட. இதை மட்டும் மிஸ்ஸிடம் நான் மறைத்துவிட்டேன். முதல் நாள் கேள்வித் தாளில், செய்ததையே திரும்பத் திரும்பச் செய்கிறாளா என்று ஒரு கேள்வி இருந்தது. விசிறி பார்ப்பதைச் சொன்னேன், செருப்பு அடுக்குவதைச் சொன்னேன், இதையும் சொன்னால் இன்னும் ஒரு டிக் விழுமே என்று விட்டுவிட்டேன். அதனால் இங்கே வருகிற நாளில் கண்ணாடி முன்னால் நின்று புடவையை முன்னும் பின்னும் செக்கிங் பண்ணிவிட்டுத்தான் கிளம்புவேன். ஒன்று தப்பியிருக்கிறது. என் கண்ணுக்கே தப்பியிருக்கிறது. அதை உரித்து ஆள்காட்டி விரல் நுனியில் வைத்துக்கொண்டு கனி டப்பாவிடம் போகிறாள். ஒட்டிவிட்டாள், டப்பா மேல். என் கை தானாகப் போயிற்று. சத்தியமாக நான் அனுப்பவில்லை, பழகின கை, அதுவாகப் போய் நகத்தால் கிள்ளி எடுத்துவிட்டது.

கனி என் நகத்தைப் பார்த்தாள். அதில் இருந்த ஆரோவை எடுத்தாள். மறுபடி டப்பா மேல் ஒட்டினாள், அதே இடத்தில், கட்டை விரலால் நன்றாக அழுத்தி. ஒட்டின இடம் மூடிக்குச் சற்றுக் கீழே. அம்பின் முனை மூடியைப் பார்த்து. நேராக, ஒரு நூல் பிசகாமல். என் கை மறுபடியும் நீள்கிறது. "அக்கா, கையை எடுங்க." மிஸ் எப்போது எழுந்து வந்தார் என்று தெரியவில்லை, பாயின் விளிம்பில் முழங்காலில் நிற்கிறார், நோட்டு மூலையிலேயே கிடக்கிறது. "எடுங்கக்கா. அவளைப் பாருங்க." பார்த்தேன். கனி டப்பாவைப் பார்க்கவில்லை. மணிக்கட்டைப் பிடிக்கவில்லை. இரண்டு கையும் தொங்க நின்றுகொண்டு என்னைப் பார்க்கிறாள். காதோரத்தை இல்லை, நெற்றியை இல்லை, என்னை. பிறகு அம்பை. பிறகு என்னை. லாரி, அம்மா, லாரி. எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை, ஒரு பீஸைப் புரட்டுகிற நேரம் இருக்கலாம். அந்தக் கண்ணில் கோபம் இல்லை, கெஞ்சல் இல்லை, இவளுக்கு இன்னுமா புரியவில்லை என்று ஒரு வியப்பு மட்டும் இருந்தது. "கேட்டுட்டாக்கா," என்று மிஸ் சொல்வது எங்கேயோ தூரத்தில் கேட்கிறது. "கேட்டாச்சு. கேட்ட உடனே குடுக்கணும். தெறங்க, தெறங்க." திறந்தேன். ஒரு நகம் ஒடிந்தது. கனி ஐந்து குழல் எடுத்து ஐந்து விரலிலும் மாட்டிக்கொண்டு சுண்டு விரலில் இருந்து கடிக்க ஆரம்பித்தாள், ஒன்றுமே நடக்காத மாதிரி.

"இது எங்கிருந்துக்கா வந்துச்சு?" மிஸ் அம்பைத் தொடாமல் குனிந்து பார்த்துக்கொண்டே கேட்டார். மாட்டிக்கொண்டேன் என்று நினைத்தேன். "கம்பெனிதுங்க மிஸ். வேணும்னு குடுக்கறதில்லீங்க, புடவையில ஒட்டிட்டு வந்துருதுங்க. வீட்டுலயும் இதே தொல்லைதானுங்க. அங்கங்க ஒட்டிப் போடறா. நான் உடனே சுரண்டிப் போடறனுங்க, ஒன்னு விடறதில்லீங்க." மிஸ் என்னை நிமிர்ந்து பார்த்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன், "அங்கங்கன்னா எங்கெங்கக்கா? யோசிச்சு மெதுவாச் சொல்லுங்க" என்றார். சொன்னேன். பிரிட்ஜ் கதவில் ஒட்டுவாளுங்க. எந்த இடத்தில்? கீழ்ப்பக்கம், பால் வைக்கிற தட்டுக்கு நேரே. சொல்லிவிட்டு நிறுத்தினேன். சொல்லுங்க, என்றார் மிஸ். சுவிட்சுக்குக் கீழேங்க. எந்த சுவிட்ச்? இரண்டாவது, ஃபேன் சுவிட்ச். முனை மேலே பார்த்தா, கீழே பார்த்தா? மேலேதானுங்க மிஸ். அலமாரியில், அப்பள டப்பா இருக்கிற தட்டுக்கு அடியில். தண்ணீர்க் குடத்தில், மூடிக்குப் பக்கத்தில். சொல்லச் சொல்ல என் குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி கேட்டது. ஜன்னல் கம்பியில், காலையில் வெயில் வருகிற பக்கத்தில். வெள்ளியங்கிரியின் சாப்பாட்டுப் பையில், ஜிப் இருக்கிற இடத்தில், அதில் அவளுக்கென்று மிட்டாய் இருக்கும். என் வீடு என் கண் முன்னால் வந்து நின்றது, அடுப்படி, அலமாரி, சுவர், குடம், இடுப்பு உயரத்துக்குக் கீழே எங்கே பார்த்தாலும் சிவப்புச் சிவப்பாக அம்பு. அம்மா பால். அம்மா காற்று. அம்மா தண்ணீர். அம்மா வெயில் பார். இவள் எப்போதோ மலையில் ஏறிவிட்டாள், உச்சியில் நின்றுகொண்டு கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறாள், நான் எண்ணெய் தொட்டுச் சுரண்டிக்கொண்டிருந்தேன். ஐந்நூறு பீஸ் பார்க்கிற கண்ணாம். அம்பு ஒட்டியிருந்தால் அங்கே தப்பு இருக்கும் என்றுதானே எனக்குத் தெரியும். அதைச் சொல்லிக்கொடுத்ததும் நானாகத்தான் இருக்க வேண்டும், போன வருஷம் சூப்பர்வைசருக்குத் தெரியாமல் அரைக் கட்டு பீஸ் வீட்டுக்கு எடுத்துவந்து முடித்துக் கொடுத்தேன், இவள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். அம்மா ஒன்றை ஒட்டினால் அப்புறம் அந்த இடத்தை எல்லாரும் பார்க்கிறார்கள் என்று அவளாகவே கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறாள். யாரும் சொல்லித்தரவில்லை. விரல் வராதவள் வேறு ஒரு விரல் தேடி எடுத்துக்கொண்டாள், என் புடவையில் இருந்து.

எனக்கு அழுகை வரவில்லை. வரும் என்று நினைத்தேன், வரவில்லை. பெரிய அருவிக்குக் கீழே போய் நின்றால் மூச்சு முட்டுமே, அப்படித்தான் இருந்தது. கனி நடு விரல் அப்பளத்துக்கு வந்திருந்தாள். மிஸ் தாளை எடுத்து அந்தக் கட்டத்தில் தேதி போட்டார், எழுத்து கோணலாக விழுந்தது, அடித்துவிட்டு மறுபடி எழுதினார். "சுரண்டாதீங்கக்கா இனிமே," என்றார். "வீட்டுக்காரம்மாகிட்ட வேணா நான் வந்து பேசறேன். வேற எங்கயாச்சும் ஒட்டுவாளா? விட்டுப்போனது இருக்கா?" யோசித்தேன். "கதவுலீங்க. வாசக் கதவுல. அதுதானுங்க நெறைய. இவளைப் பாத்துக்கற பக்கத்து வீட்டு ரங்கநாயகி அக்கா சொல்லுவாங்க, நான் வேலைக்குப் போயிட்டா நாளெல்லாம் அதே வேலைன்னு. முந்தின நாள் எடுத்ததை எங்கயோ ஒளிச்சு வெச்சிருந்து, முனை கதவு இடுக்கைப் பாக்கற மாதிரி ஒன்னு ஒன்னா ஒட்டுவாளாம். வெளிய ஓடிப் போறதுக்குத்தான் பாக்கறான்னு இவரு மேல தாழ்ப்பா வெச்சிட்டாருங்க. அது ஒன்னுக்குத்தான் எனக்கு அர்த்தம் தெரியலீங்க மிஸ்."

"கதவுக்கு அந்தப் பக்கம் என்னக்கா இருக்கு?"

"ஒன்னுமில்லீங்க மிஸ். சந்துதானுங்க. நான் வேன் எறங்கி நடந்து வர்ற சந்து."